தம்பி நிறுத்திய மாத்திரை

ஜூலை 14, செவ்வாய்

இரண்டு வருடத்துக்கு முன் தம்பி சேகருக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தேன். அது இனி வேலை செய்யாது என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார். நான்கு மாதமாக அவன் மாத்திரையே போடவில்லையாம். போட்டால் கை நடுங்குகிறதாம், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மெஷினைப் பிடிக்க முடியவில்லையாம்.

"கூடப்பொறந்த அக்கா கிட்னி, நம்ம ரத்தம்தானே, இன்னாத்துக்கு மாத்திரைன்னு உட்டுட்டேன் சார்" என்றான்.

டாக்டர் கோபப்படவில்லை. "உடம்புக்கு அக்கா தம்பியெல்லாம் தெரியாதுப்பா. தன்னோட செல் இல்லைன்னா வெளியாள்தான், அடிச்சுத் தொரத்தும். மாத்திரைதான் உடம்பை அப்படிச் செய்ய விடாம புடிச்சு வெச்சிருந்துச்சு. இனிமே டயாலிசிஸ்தான்" என்றார்.

மணவாள நகருக்குத் திரும்பும் பஸ்ஸில், "கோவமாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். பொய்.

"பேஜாரா கீதுக்கா, திட்டியாவது தொலையேன்" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நன்றாக இருந்த உடம்பை அறுத்துக் கொடுத்தேன். மாத்திரையை நிறுத்தும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடம் இருந்த வரைக்கும் அந்தச் சிறுநீரகத்துக்கு ஒரு மாத்திரையும் தேவைப்படவில்லை.