நடுக்கடலில் ஒரு கேள்வி

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இதை நானே எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் வாசிக்கும்படி மகளிடம் சொல்.

சலவைக்கூட வேலை முடிந்ததும், ஒரு பெண் வீடியோ கேம் ஆடுவதைப் போனில் நேரலையாகப் பார்க்கிறேன். அவள் படகு ஓட்ட, முகம் தெரியாத நாங்கள் எல்லோரும் கூடவே மிதக்கிறோம். நாங்கள் எழுதி அனுப்புவதை அவள் வாய்விட்டு வாசிப்பாள். நேற்று விளையாட்டில் வந்த புயலில் எல்லோரும் வழி சொல்ல, அங்கே 'தாத்தா' என்று பெயர் வைத்திருக்கும் நான் எழுத்துக்கூட்டி, "சாப்டியாம்மா?" என்று அனுப்பினேன். சிரித்த சிரிப்பில் படகைக் கவிழ்த்துவிட்டாள்.

"இப்ப கேக்குற கேள்வியா தாத்தா இது?" என்றாள்.

மாலையில் மகளின் போனில் நீயும் பார். அங்கே சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள் நான்தான். அவள் வாசித்ததும், சாப்பிட்டேன் என்று நீ சொல். எனக்குக் கேட்கும்.

இஸ்திரிப்பெட்டி காய்ந்துவிட்டது, வருகிறேன்.

உன் கிழவன்