இரண்டாம் கியர்காரரும் என் இதயமும்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆறு புள்ளி ஏழு. டாக்டரே புருவத்தைத் தூக்கினார். பத்து வருடச் சர்க்கரைக்காரி நான். என் நாக்கு என் சொல்பேச்சைக் கேட்கும்.

அப்புறம் வழக்கம்போல ஆரம்பித்தார்: "கொழுப்பு மாத்திரை போடுறீங்களா? சர்க்கரை இருந்தா இதயத்தையும் சேர்த்துத்தாம்மா பாத்துக்கணும்." தலையாட்டிவிட்டு வந்தேன். மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. சர்க்கரையே அடங்கிக் கிடக்கும்போது எனக்கென்ன?

மார்ச் 7, வெள்ளி

நான் கற்றுக்கொடுக்கும் ஓட்டுநர் பள்ளியில் இந்த மாதம் என்னிடம் மாட்டியிருப்பவர் ஒரு வங்கி அதிகாரி. நான் வைத்த பெயர் 'இரண்டாம் கியர்'. மூன்றாம் கியர் என்றாலே பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறார். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகிறார்கள்.

மார்ச் 12, புதன்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை — வேறென்ன?

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரிப் படுக்கை. கையெழுத்து கோணல்மாணலாக வருகிறது. எழுதுகிறேன் இல்லையா, அது போதும்!

முந்தாநாள் பாடம் நடத்தும்போது குப்பென்று வியர்த்தது. தாடை வலித்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஒரு மிட்டாயை வாயில் போட்டேன். அடங்கவில்லை. இன்னொன்று போட்டேன். இரண்டாம் கியர் வண்டியை ஓரம் கட்டினார்.

"மேடம், சர்க்கரை பாக்குற மெஷின் வச்சிருக்கீங்கல்ல? குத்திப் பாருங்க."

குத்தினேன். நூற்றெண்பது. சர்க்கரை இறங்கவே இல்லை. அப்போ இது என்ன? நெஞ்சு வலிக்கவே இல்லையே — பயந்துட்டேன். நிஜமாவே பயந்துட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க சார்."

"நானா?"

"பின்ன நானா? மூணாம் கியர் போடுங்க!"

போட்டார். நான்காம் கியரை நான் சொல்லாமலே போட்டார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை மனிதர். என் கால் பிரேக் பக்கமே போகவில்லை.

மாரடைப்பு. அடைத்த ரத்தக்குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். "சர்க்கரை இருந்தா நெஞ்சு வலிக்காமலே வரலாம். இனிமே இப்படி ஆனா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, கத்துக்குட்டிய இல்ல" என்று இதய டாக்டர் காய்ச்சி எடுத்தார். பிரிக்காத மாத்திரை அட்டைக்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். வாங்க வேண்டியதுதான்.

மார்ச் 22, சனி

என் வீட்டுக்காரர் கட்டிலோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். ஓயாமல் பேசுகிற ஆள். எனக்கு இது பிடிக்கவில்லை.

மே 6, செவ்வாய்

பூங்காவை நிற்காமல் சுற்றி வந்தேன். மூச்சு என் பேச்சைக் கேட்கிறது. பிரஷரும் வழிக்கு வந்துவிட்டது. கொழுப்பு மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. சர்க்கரையைக் கட்டி மேய்த்தவளுக்கு இதுவும் முடியும்.

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சம்மதித்துவிட்டார், மறுபடி வேலை. புது ஆள் ஒருவர் வண்டியில் காத்திருக்கிறார் என்றார்கள். கதவைத் திறந்தால், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி என் வீட்டுக்காரர்!

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல?"

"அன்னிக்கு உன்னை யாரோ கூட்டிட்டுப் போனாரு. நான் வீட்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தேன்."

பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"அடுத்த தடவைக்காகன்னா இப்பவே இறங்கிடுங்க. அப்படி ஒண்ணு கிடையாது. என்னைக் கடலோரம் கூட்டிட்டுப் போறதுக்குன்னா, கிளட்ச்சை மிதிங்க."

மிதித்தார் — பிரேக்கை.

இவருக்குக் கற்றுக்கொடுத்து முடிக்க நான் இன்னும் நிறைய வருடம் இருக்க வேண்டும். இருப்பேன்.