சுசீலாவின் இடது கை

கார்த்திகை 5, வெள்ளி

காலையிலிருந்து நசநசவென்று தூறல். சுசீலாவுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை, மூச்சு வேறு இழுக்கிறது. கடையைத் திறக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு இன்ஃபுளுயன்சா என்றார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டிலும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. இரண்டாம் மாடியில் ஜன்னலோரப் படுக்கை, மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

வீட்டிலிருந்து எடுத்து வர: ஃபிளாஸ்க், போர்வை, சு.வின் கண்ணாடி, சீப்பு, சார்ஜர்.

ரத்தம் எடுத்தார்கள். மூன்று குப்பி. எதற்கம்மா மூன்று என்று கேட்டேன். ஊதா மூடி ஒன்று, நீல மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று என்றாள் ரத்தம் எடுத்த பெண். நிறத்தைச் சொன்னாளே தவிர காரணத்தைச் சொல்லவில்லை. சுங்குடி வியாபாரத்தில் ஒவ்வொரு சேலையையும் பிரித்து அளந்து வாங்கியே பழகியவன் நான். மூடிக் கொடுப்பதை அப்படியே வாங்க மனம் வராது.

பக்கத்துப் படுக்கை சோழவந்தான்காரருக்கு. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறாராம். அவருக்கும் இதே காய்ச்சல். துணைக்கு மனைவி பாண்டியம்மாள். நான் உட்காருவதற்குள்: "என்னண்ணே, உங்க வீட்டம்மாவுக்கும் இதானா? பயப்படாதீக. நல்லாப் பாக்குறாக இங்கெ."

யாரும் கேட்காமலே சர்டிபிகேட் கொடுக்கிறாள். ஏன்?

கார்த்திகை 6, சனி

மழை விட்டது, புழுக்கம். மாத்திரை: காலை இரண்டு, இரவு இரண்டு. இட்லி ஒன்றரைதான் இறங்கியது.

ரத்த ரிப்போர்ட் வந்தது. வெள்ளையணுவில் லிம்போசைட் என்ற ஒரு வகை குறைவு. பிளேட்லெட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், அதுவும் குறைவு. டி-டைமர் என்று ஒன்று, அது அதிகம். பெரிய டாக்டரம்மா நின்று நிதானமாகத்தான் சொன்னார். பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியும். டி-டைமர் கூடினால் ரத்தம் உள்ளுக்குள் உறைகிறது என்று பொருள். ஆகவே உறையாமல் இருக்க வயிற்றில் தினம் ஓர் ஊசி.

இது எப்படி? ரத்தம் கசியும் என்று பயமாம், உறையும் என்றும் பயமாம். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்.

நர்ஸ் கலா ஊசி போட வந்தபோது சு.விடம் எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் சொன்னேன்: "இவங்க கணக்கு ஒண்ணும் சரியில்லை. ஏதோ பூசி மெழுகுறாங்க." கடையில் வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே எங்களுக்குள் விலையைப் பேசி முடிப்பதும் இப்படித்தான். வந்தவர் விழித்துக்கொண்டிருப்பார். கலாவும் ஒன்றும் புரியாதவளாய் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள்.

சு. கண்ணை மூடிக்கொண்டு, "போடட்டும், விடுங்க" என்றாள்.

கார்த்திகை 7, ஞாயிறு

பிளேட்லெட் எண்பத்திரண்டாயிரம். மருந்து கொடுக்கக் கொடுக்கக் குறைகிறது!

என் சந்தேகங்கள்:
– எண் குறைந்தால் படுக்கையில் தங்கும் நாள் கூடும். யாருக்கு நல்லது?
– சோழவந்தான்காரருக்கும் பிளேட்லெட் குறைவாம், லிம்போசைட் குறைவாம். ஒரே ரிப்போர்ட்டை ஆள் பேரை மாற்றி எழுதுகிறார்களா?
– தினம் ரத்தம் எடுத்தால் எண்ணிக்கை குறையாமல் என்ன செய்யும்?

பாண்டியம்மாளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "இந்தக் காய்ச்சலுக்கே நெறையப் பேருக்கு ரத்தம் அப்படித்தேன் இருக்குமாம்ணே, டாக்டரம்மா சொன்னாக" என்றாள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள்.

ஆனையூரில் ஒரு லேப்பில் வேலை செய்யும் முருகேசனுக்குப் போன் போட்டேன். கடைக்குத் துணி எடுக்க வருபவன்தான், என் மேல் மரியாதை உண்டு. "வாரேண்ணே, விசிட்டர் நேரத்துல வாரேன்" என்றான். சாயங்காலம் கையில் ஆரஞ்சுப் பையோடு வந்தான். பழங்களுக்கு அடியில் ஊசியும் குப்பியும். பாண்டியம்மாள் டீக்குப் போயிருந்தாள். நான் திரைத்துணியை இழுத்துவிட்டேன்.

சு. கண்ணாடி இல்லாமல் அவனைப் பார்த்தாள். யார் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி ஆள்தான், இன்னொரு டெஸ்ட் என்றேன். இடது கையை நீட்டினாள். போர்வைக்குள் வைத்துக் குத்தியதில் முதல் தடவை நரம்பு சிக்கவில்லை, இரண்டாம் தடவைதான் வந்தது. பஞ்சை வைத்து அழுத்தி நிற்க நேரமில்லை. யாரோ வரும் செருப்புச் சத்தம்.

கார்த்திகை 8, திங்கள்

பிடித்துவிட்டேன். முருகேசன் போனில் சொன்ன எண்: ஒரு லட்சத்து நாலாயிரம். ஆஸ்பத்திரி இன்று காலை சொன்ன எண்: எழுபத்தோராயிரம். இதற்கு என்ன பதில் சொல்வார்கள் பார்ப்போம். நாளைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

ஒரு தொல்லை. சு.வின் இடது கையில், குத்திய இடத்தில், கருநீலமாய்க் கன்றியிருக்கிறது. காலையில் முழங்கை மடிப்பில் மட்டும் இருந்தது. குளிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் முன்கையில் பாதிக்கு இறங்கியிருக்கிறது. கலா சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் எங்கள் பேச்சில் சொன்னேன்: "கையைப் போர்வைக்குள்ள வை. இவங்க கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

"எடுத்தது இவங்க ஆள்தானே? எதுக்கு மறைக்கணும்?"

"சொல்றதைக் கேளு."

கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவள் மேல் எனக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகக் கண்.

மத்தியானம் ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர் நேராக வந்து போர்வையை விலக்கி இடது கையைப் பார்த்தார். எப்படித் தெரிந்தது? மேலே கேமரா வைத்திருக்கிறார்களா? விட்டத்தை நன்றாகப் பார்த்தேன், மின்விசிறி மட்டும்தான்.

"இது எப்ப வந்துச்சும்மா?"

"தெரியல" என்றாள் சு. என்னைப் பார்த்துக்கொண்டே.

பெரிய டாக்டரம்மா வந்தார். கன்றிய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். தானாக ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கலாம் என்றார். வயிற்று ஊசியை நிறுத்தச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்த ஊசியே வேண்டாத ஊசி என்று முதல் நாளே தெரியும் எனக்கு.

கார்த்திகை 9, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் சு.வுக்கு வலது கெண்டைக்காலில் வலி. தொட்டால் சுடுகிறது, வீக்கம். குழாயை எடுத்துவிட்டு முகமூடி போட்டு ஆக்சிஜனைக் கூட்டினார்கள். காலுக்கு ஸ்கேன். நரம்புக்குள் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னார். மறைக்காமல் அப்படியே சொன்னார்.

"உறையாம இருக்க முழு டோஸ் ஊசி போடணும் சார். ஆனா எங்கயோ கசியுதுன்னா அந்த ஊசியே ஆளைக் கொன்னுரும். கையில அந்தக் கன்னிப்பு ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா இப்பவே முடிவெடுத்துருவேன். தெரியல. தலைக்கு ஸ்கேன், வயித்துக்கு ஸ்கேன் எல்லாம் பாத்துட்டுத்தான்."

வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால் கையைக் காட்டி என்னையே குற்றவாளி ஆக்கிவிடுவார்கள், இவர்கள் செய்த எல்லாம் அதில் மறைந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

வராண்டாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், சௌராஷ்டிரத்தில், கொஞ்சம் தட்டுத் தடுமாறி:

"அந்தக் கையை ஏன் மறைக்கச் சொன்னீங்க?"

திரும்பினால் கலா. பாட்டில் நிரம்பி வழிந்து செருப்பெல்லாம் தண்ணீர்.

அதற்கு மேல் தமிழில் பேசினாள். "உங்க ஆளுக தெருவுலதேன் நாங்க வாடகைக்கு இருந்தோம் சார். பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அங்கதேன். பேச வராது, கேட்டா புரியும். பூசி மெழுகுறாங்கன்னு சொன்னதும் கேட்டுச்சு. அது கிடக்கட்டும். நேத்து நான்தேன் டாக்டர்ட்ட அந்தக் கையைப் பாருங்கன்னு சொன்னேன். எங்க ஆள்தேன் எடுத்தாகன்னு அம்மா சொன்னதையும் இப்பச் சொல்லப் போறேன். அந்தக் கையில எங்க ஆளுக யாரும் எடுக்கல. ஆனா யாரு, எத்தனை தடவை குத்துனாக, அது உங்களுக்குத்தேன் தெரியும். வாங்க."

போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். முருகேசனுக்குப் போன் போடச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தார்.

"உண்மையைச் சொல்லிப்புடுறேண்ணே. அன்னைக்கு லேப்பு பூட்டிருச்சு. குப்பி ராத்திரி முழுக்க வண்டிப் பெட்டியிலதேன் கெடந்துச்சு. காலையில மெஷின்ல ஓட்டுனேன். அந்த நம்பரை நம்பாதீக. உங்க மனசு கோணக் கூடாதுன்னுதேன்..."

கட் செய்துவிட்டார் டாக்டரம்மா. வெளியாள் குத்தியதால் வந்த கன்னிப்பு, தானாகக் கசியவில்லை என்று சின்ன டாக்டரிடம் சொன்னார். தலை ஸ்கேன் ஒன்றை மட்டும் உடனே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. ஊசி ஆரம்பமாகிவிட்டது.

அப்புறம் என்னிடம்: "இந்த வைரஸ் ரத்தத்துல ரெண்டு வேலையும் பண்ணும் சார். அணுவையும் குறைக்கும், உறையவும் வைக்கும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. அன்னைக்கே சொன்னேன்."

ஆமாம், சொன்னார். நான் கேட்டது வேறு காதால்.

நேற்று ஊசியை நிறுத்தாமல் இருந்திருந்தால் காலில் உறைந்திருக்காதா என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்றே சொல்லிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

கார்த்திகை 10, புதன்

வெயில். பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை. இவள் போய்விட்டால்?

பிளேட்லெட் அறுபத்தொன்பதாயிரம். கூடவும் இல்லை, பெரிதாகக் குறையவும் இல்லை.

விசிட்டர்களின் பைகளை இப்போது வாசலில் திறந்து பார்க்கிறார்கள். என் பையையும் பார்த்தார்கள், சீப்பைக்கூட எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுக்க வந்த பெண், நான் கிட்டே வந்ததும் குப்பியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

வந்தவன் ஆஸ்பத்திரி ஆள் இல்லை என்று சு.வுக்குத் தெரிந்துவிட்டது, கலாவுக்கு எங்கள் பேச்சு புரியும் என்பதும். சின்ன டாக்டர் என்னிடம் மறுபடி எல்லா விவரமும் கேட்டபோது பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மூச்சு இழுப்பதால் பேசவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பாண்டியம்மாளுக்கும் தெரியும். இருந்தும் ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினாள். "சாப்பிடுங்கண்ணே. மூஞ்சி இத்துப்போய்க் கெடக்கு." வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகை 12, வெள்ளி

தொண்ணூற்றாறாயிரம்! லிம்போசைட்டும் ஏறியிருக்கிறது. கால் வீக்கம் வடிகிறது. முகமூடியை எடுத்துவிட்டு மூக்கில் குழாய் மட்டும். இந்த ஊசியும் பிறகு மாத்திரையும் சில மாதம் தொடர வேண்டுமாம். தொடரட்டும். ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன், சந்தேகத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

சோழவந்தான்காரர் இன்று வீட்டுக்குப் போனார். பாண்டியம்மாள் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கவுளி வெற்றிலையை வைத்துவிட்டு, "போயிட்டு வாரேன்க்கா" என்று சு.விடம் சொன்னாள். சு. சிரித்தாள். வந்து படுத்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு.

வீட்டுக்கு ஓடிப் போய் நானே அரிசி நொய்க் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன். சீரகம் போட்டு, உப்புக் குறைத்து. அவளைச் சாய்த்து உட்கார வைத்து ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன்.

வாயைத் திறக்கவில்லை. என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கலா மருந்துத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

சு. அவளிடம், எங்கள் பேச்சில், கேட்டாள்: "இதை நான் குடிக்கலாமா?"