கறையா, தூரமா

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆலையில் நெ. 4 சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோல்களின் மயிர் இன்னும் கழலவில்லை. நாளைக்கும் கிடக்கட்டும் என்று மேஸ்திரி காதர் பாயிடம் சொன்னேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

சவரம் செய்யும்போது தனம் வந்து நின்றாள்.

"இன்னாங்க, துணியில லேசா பட்டிருக்கு. எப்பவும் மாதிரி இல்ல. நாளைக்கு வரைக்கும் அத்தைகிட்ட சொல்லாம இருக்கட்டுமா?"

எனக்கு நேரமாகிவிட்டது. "தூரம்னா போய் பின்னால உட்காரு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. நடுவுல ஒண்ணு கிடையாது" என்றேன்.

போய் உட்கார்ந்துவிட்டாள். கொல்லைச் சாய்ப்பு, பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. மூன்று நாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம். இந்த மாதமும் இல்லை. எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

வாங்க வேண்டியது: பிளேடு, மண்ணெண்ணெய். லிட்மஸ் தாளுக்கு மதராசுக்கு எழுத வேண்டும்.

ஐப்பசி 5, புதன்

மழை ஜாஸ்தி. தோல் காயவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன்.

கிணற்றடியில் நின்றபடி தனத்தைக் கேட்டேன். எவ்வளவு? ரெண்டு பொட்டு. நிறம்? காப்பித் தண்ணி மாதிரி. வலி? இல்லை. வழக்கமாக இரண்டாம் நாள் சுருண்டு படுத்துக் கிடப்பாள். இன்று உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுக்கிறாள்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். போன முறை புரட்டாசி 11. அவளுக்கு எப்போதும் 29 நாள், தப்பினால் 30. அப்படியானால் ஐப்பசி 10 வாக்கில்தான் வரவேண்டும். ஆறு நாள் முந்தி, அரைகுறையாக. ஆலைச் சோதனைக்கூடத்தில் இப்படி ஒரு கணக்கு வந்தால் ஒப்புக்கொள்வேனா? மறுபடி பார் என்பேன். நேற்று ஏன் சொல்லவில்லை?

இதற்குள் அம்மா ஒரு டம்ளரோடு வந்தாள். இன்னா அது என்றேன்.

"நேத்து சாயங்காலம் குடுத்ததுதான். எள்ளு, கருஞ்சீரகம், கருப்பட்டி. கம்மியா போனா மிச்சம் வயித்துல கட்டிக்கும். நல்லா இறங்கிடணும்."

இறங்கிடணும். ஒரு வேளைக் கஷாயம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. இது தூரமே இல்லையென்றால் எது இறங்கும்?

டம்ளரை வாங்கிச் சாக்கடையில் ஊற்றினேன்.

"பொம்பள சமாசாரத்துல உனக்கு இன்னாடா வேலை? தோலைப் படிச்சவனுக்கு இதுவும் தெரியுமோ?"

"தெரியாது. அதான் கொட்டினேன்."

ஐப்பசி 6, வியாழன்

லீவு. தனத்தை வேலூருக்கு, பெண்கள் ஆஸ்பத்திரிக்கு. "தூரமா இருக்கறவள பஸ்ஸுல ஏத்தறான், நாலு பேர் மேல படும்னு கூட இல்ல" என்று வாசலிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். பள்ளிகொண்டா வரை ஒரே பள்ளம். மெதுவா ஓட்டப்பா என்றேன். "சார், ரோட்ட நானா போட்டேன்?" என்றான் டிரைவர். தனம் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

டாக்டரம்மா சொன்னது, மறப்பதற்குள்:

கரு ஒட்டுகிற சமயத்தில் சிலருக்குக் கறை படும். தூரத்துக்குச் சில நாள் முந்தி. பழுப்பு அல்லது வெளிர் சிவப்பு. துணி நனையாது, கட்டி இருக்காது, ஓரிரு நாளில் நிற்கும். தூரம் என்றால் போகப் போக அதிகமாகும், வலி கூடும். ஆனால் லேசான தூரமும் உண்டு. கறையை மட்டும் பார்த்து அவராலும் சொல்ல முடியாது. நாள் தள்ளினால்தான்.

ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், நிறைய ரத்தப்போக்கு: எதுவானாலும் உடனே கூட்டி வரவேண்டும்.

சோதனை ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "இங்க இல்ல. காத்திருங்க" என்றார். தோலென்றால் ஒரு மூலையை வெட்டி இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் சொல்லிவிடும். இங்கே நாள்தான் மருந்து.

குடித்த ஒரு வேளைக் கஷாயம்? "என்ன செஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. இனிமே ஒரு சொட்டு கூடாது." யார் கொடுத்தது என்று கேட்டார். தனம் என்னைப் பார்த்தாள். வீட்டில் என்றேன்.

ஐப்பசி 7, வெள்ளி

கறை நின்றுவிட்டது. மொத்தம் இரண்டரை நாள்.

இன்று தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரவேண்டும். மாட்டேன் என்கிறாள்.

"தலை முழுகினா தூரம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. தெருவே தெரிஞ்சுக்கும். தெரியற வரைக்கும் முழுக மாட்டேன்."

தண்ணீர் ஊற்றிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது, டாக்டரம்மாவைக் கேட்டாயிற்று என்றேன். தண்ணிக்கு இல்லீங்க என்றாள். குளிக்காமல் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று அம்மா. நடுவில் நான். சாய்ப்பு ஒழுகுகிறது. ஆலையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து கட்டினேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு ருக்கு மதில் மேலாக, "இன்னா தனம், ஊருக்கெல்லாம் மூணு நாளு, உனக்கு மட்டும் முப்பதா?"

"உங்க வீட்டுப் பாயிலயா உட்கார்ந்திருக்கேன்?" என்றாள் தனம். அவளுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டை நான்தான் எடுத்துப் போகிறேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. குழம்பில் உப்பு இல்லை.

ஐப்பசி 10, திங்கள்

இன்றுதான் நாள். நெ. 4 கெட்டது: நாலு நாள் அதிகம் ஊறி மேல்தோல் தளர்ந்துவிட்டது. என் தப்பு. காதர் பாய், "பாபு, மூணு நாளா உங்களுக்கு மூளை இங்க இல்ல. வூட்ல யாருக்காவது பேஜாரா?" என்றார். இல்லை என்றேன்.

ஐந்து மணிக்கு வீடு. ஒன்றுமில்லை.

ஐப்பசி 11, செவ்வாய்

இல்லை. இடுப்பு வலிக்கிறதாம். வரப்போகிறதா? அவள் கிணற்றடிப் பக்கம் போய் வரும்போதெல்லாம் முகத்தைப் பார்க்கிறேன்.

"என் மூஞ்சில இன்னா எழுதியிருக்கு? பார்க்காதீங்க. எனக்கே பயமா இருக்கு."

பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

நாலு நாள் தள்ளிவிட்டது. காலையில் வாந்தி. கஷாயமா, சளியா, அதுவா?

பகலில் பெருமழை. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். "உள்ள வந்து படு" என்றாள். அவ்வளவுதான். குளி என்று சொல்லவில்லை. தனம் பாயைச் சுருட்டிக்கொண்டு, தலை முழுகாமலே, சமையற்கட்டு வழியாக உள்ளே வந்தாள்.

ஐப்பசி 21, வெள்ளி

இல்லை. வாந்தி. புளிக்குழம்பு வாசனை ஆகவில்லை. அம்மா புளிக்குழம்பே வைப்பதில்லை.

ஐப்பசி 28, வெள்ளி

வேலூர். டாக்டரம்மா பரிசோதித்தார். கர்ப்பப்பை பருத்திருக்கிறது, நாள் கணக்கும் ஒத்துப்போகிறது, கர்ப்பம்தான் என்றார். அன்று பட்டது கரு ஒட்டின கறையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் தனம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நாலு பேர் பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. விளக்கேற்றினாள். தனம் படுத்தபின் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"உனக்குச் சொல்லல. மாசியில இவளுக்கு இதே மாதிரிதான். காப்பிக் கலர், ரெண்டு பொட்டு. நாள் வேற தள்ளியிருந்தது. அஞ்சு வேளை கஷாயம் குடுத்தேன். மூணாம் நாள் கட்டி கட்டியா போச்சு. நல்லா இறங்கிடுச்சின்னு நானே சந்தோஷப்பட்டேன்."

சாய்ப்புப் பக்கம் பார்த்தாள். பிறகு, "அது புள்ளையாடா?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான். தானாகவே போயிருக்கலாம், கருவே இல்லாமலும் இருந்திருக்கலாம், இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றேன்.

"படிச்சவன் நீ. சொல்லு" என்றாள் மறுபடி.