படகில் இரண்டாவது ஆள்

நவம்பர் 20, வியாழன்

நோணாங்குப்பம் ஆற்றங்கரையில், படகில் ஏறுபவர்களை எண்ணும் கருவியைச் சோதித்தேன். படகோட்டி செல்வம் தனியாக ஏறினான். திரையில் 2. அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

"இன்னொரு ஆளு யாரு சார்?"

தப்பு என்னுடையது. நிரலில் எண்ணிக்கையை ஒன்று கூட்டும் ++ குறியை, ஒரு மேக்ரோ என்னும் சுருக்கக் கட்டளைக்குள் கொடுத்திருந்தேன். மேக்ரோ அதை இரண்டு இடத்தில் அப்படியே ஒட்டிவிட்டது. ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியது. அங்கேயே உட்கார்ந்து இன்லைன் ஃபங்ஷனாக மாற்றினேன். அது ஒரு முறைதான் கூட்டும். மறுபடி ஏறினான். 1.

"அப்ப அந்த ஆளு எறங்கிட்டானா?"

செல்வம் சிரிக்கவில்லை. அவன் தம்பி போன மாதம் இதே ஆற்றில்தான் மூழ்கிச் செத்தான்.

இப்போது வீட்டில், கருவி அனுப்பிய பதிவை ஃபோனில் பார்க்கிறேன். நான் கிளம்பிய பிறகு, செல்வம் மட்டும் படகை அக்கரையில் கட்ட எடுத்துப் போயிருக்கிறான். திருத்திய நிரல்தான் எண்ணியிருக்கிறது. 2.

பிழை இன்னும் தீரவில்லை என்றே நாளைக்கு அவனிடம் சொல்லப்போகிறேன்.