அம்மாவின் பின்னலைக் கழுவிய விவரம்

அம்மாடி, இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை உதிரட்டும்.

இடுப்புக் கட்டோடு படுத்திருக்கும் உன் அம்மாவின் பின்னல்களைப் பிரிக்காமலே தலைக்கு ஊற்றிவிட்டேன். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, வகிடு வகிடாக விட்டு, விரல்நுனியால் தேய்த்தேன். “யோவ் கிழவா, கண்ணுல நுரை போகுதுய்யா!” என்று அவள் போட்ட சத்தத்தில் மாடிவீட்டு நாய் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. பின்னல்கள் மூன்று வாளித் தண்ணீரைக் குடித்து ஏப்பம் விட்டன. துண்டால் ஒற்றி, நுனிவரை எண்ணெய் தடவினேன். கை ஓய்ந்துவிட்டது.

“இன்னைக்கும் கழுவலைன்னா ஒட்ட வெட்டிடுவேன்” என்றாயே, கத்தரிக்கோலைத் தேடாதே. என்னோடு மருந்துக்கடைக்கு வருகிறது. முடியும் போனால் அவள் எழுந்து நடக்கிற ஆசையையே விட்டுவிடுவாள்.

சோறு மூடியிருக்கிறது. சாவி ஜன்னலில்.

பி.கு.: மாடிவீட்டில் கேட்டு ஒரு குடம் தண்ணீர் வாங்கி வை. நேற்றிலிருந்து நம் குழாயில் சொட்டுக்கூட வரவில்லை.