படத்தில் இருப்பது என் அக்கா

செவன் கிங்ஸ், லண்டன், 2009

என்ரை பவளமக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம். போன சனிக்கிழமை லூயிஷாமில் ஒரு மண்டபத்துச் சுவரில் உங்களைக் கண்டேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பற்றிய படக் கண்காட்சி அது. அங்கே உதவிக்குப் போன வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வைத்தது. நீங்கள் அவர்களுடைய முகாமில் இரண்டு வருஷம் நேர்ஸாக இருந்தீங்களே, அதுதான் பார்க்கப் போனேன்.

வாசலிலேயே ஆளுயரப் படம். தலையில் சால்வை, மடியில் எலும்பும் தோலுமாக ஒரு ஆண் பிள்ளை, கையில் பால் கரண்டி. காய்ச்சலில் கிடந்து எழும்பின உங்கள் முகம். கீழே எழுதியிருந்தார்கள்: ‘பட்டினியில் ஒரு தாயும் பிள்ளையும்.’

கலியாணமே கட்டாத நீங்கள் தாயா? பாலூட்டப் போன நீங்கள் பட்டினியா?

மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். “அது என்னுடைய அக்கா. உங்களுடைய நேர்ஸ்.”

“அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உலகமே உதவி செய்தது,” என்று சிரித்தாள். “ஆதாரம் ஏதும் இருக்கிறதா?”

கூட வந்த இவர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். “விடுமப்பா, சனம் பாக்குது.”

“பாக்கட்டும்,” என்றேன்.

வீட்டுக்கு வந்து, முகாமிலிருந்து நீங்கள் போட்ட பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். ‘படம் பிடிக்க வந்தவன் அசையாமல் இரு என்றான், பிள்ளைக்குப் பால் ஆறுது என்றேன்’ என்று எழுதியிருக்கிறீங்கள். மொழிபெயர்த்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மூன்று தரம் போன் எடுத்தேன். நேற்றுப் போனால், பழைய வரியின் மேல் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: ‘உள்ளூர் உதவியாளர்.’

உள்ளூராம்! எந்த ஊர், அக்கா?

பேனையை எடுத்து அதிலேயே எழுதினேன்: பவளம், நேர்ஸ், யாழ்ப்பாணம். காவலாளி ஓடி வந்தான். எழுதி முடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஆனால் அந்தப் பிள்ளையின் பேரை எழுத ஏலாமல் போச்சு. பிழைத்து, எழும்பி நடந்தவன் என்று எத்தனை தரம் பேரோடு சொன்னீங்கள். நான் டிவியைப் பார்த்தபடி “ஓம், ஓம்” என்றுகொண்டிருந்தேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். அவன் பேர் கிடைத்ததும் திரும்பப் போவேன்.

கேளாமல் இருந்த
உங்கள் தங்கச்சி